முதல் இலைக்காரரின் மேல்தாடை

ஓர் ஊரின் யோக்கியதையைத் தெரிந்துகொள்ள அதன் ரோட்டைப் பார்க்க வேண்டாம், பள்ளிக்கூடத்தைப் பார்க்க வேண்டாம், தலைவரின் வாயைத் திறந்து பார்த்தால் போதும். இந்த உண்மையைக் கண்டுபிடித்தவன் நான். ஊர்க்கூட்டங்களில் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். ஒருவரும் மறுத்ததில்லை. மறுப்பதென்றால் அவர்களும் வாயைத் திறக்க வேண்டும். அதற்கு நான் இடைவெளி கொடுத்ததில்லை.

தலைவர் என்றால் வேறு யாருமில்லை, நான்தான். பெயர் ராமசுப்பிரமணியன். உப்பூரிலிருந்து மேற்கே உள்ளே தள்ளி, கண்மாய்க்குக் கீழே இருக்கிறது எங்கள் ஊர். ஆடி மாதம் காட்டுக் கருப்பருக்குக் கிடா வெட்டுவோம். ஆண்கள் மட்டும் உட்காரும் பந்தி. அந்தப் பந்தியில் 'முதல் இலை' எங்கள் குடும்பத்துக்கு. எங்கள் பாட்டனார், பிறகு அய்யா, பிறகு நான்.

முதல் இலை என்பது சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிற காரியம் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துவிடுகிறார்கள். அந்த இலையில் கிடாவின் நல்லியெலும்பு விழும். முதல் இலைக்காரர் அதைக் கடைவாயில் கொடுத்துக் கடித்து உடைக்க வேண்டும். உடையும் சத்தம் கருப்பர் காதில் விழுந்த பிறகுதான் மற்றவர்கள் சோற்றில் கை வைக்கலாம். எங்கள் அய்யா கடித்தால் பனைமரத்துக் காக்காய் பறக்கும். அப்பேர்ப்பட்ட வம்சத்தில் வந்த என் மேல்தாடையில், கடைவாய்ப் பற்கள் இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக ராஜினாமா செய்துவிட்டிருந்தன.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் ஆடியில் அது ஊருக்குத் தெரிந்துபோனது. எலும்பு விழுந்தது. எடுத்தேன். வலது பக்கம் கொடுத்தேன், வழுக்கியது. இடது பக்கம் கொடுத்தேன், ஈறு கதறியது. ஊர் ஆண்கள் அத்தனை பேரும் கையைத் தொடையில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கறிக்குழம்பில் எண்ணெய் ஆடை கட்டியது. அந்த நேரம் பார்த்துப் பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம். "ஒடஞ்சிருச்சுப்பா" என்று யாரோ சொன்னார்கள். பந்தி தொடங்கியது. நான் எலும்பை இலைக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

கை கழுவுகிற இடத்தில் குருநாதன் வந்து நின்றான். எனக்குப் பங்காளி, தம்பி முறை. இரண்டாம் இலைக்காரன். என் குடும்பத்தில் யாராவது இருமினால்கூட அவனுக்குள் ஒரு நம்பிக்கை பிறக்கும்.

"அண்ணே, வித்தியாசமா நெனைக்காதீக. அது எலும்புச் சத்தமில்ல. வேலிக்கருவ வெறகு ஒடிச்ச சத்தம்."

"அதெப்படிடா சொல்ற?"

"அடுப்புகிட்டருந்து வந்துச்சு. ஒங்க வாயி இங்கனதான இருந்துச்சு?"

மறுவாரமே 'கிடாவெட்டு நிர்வாகக் குழு'வின் அவசரக் கூட்டம் கூடியது. பூசாரி சோணைமுத்து தலைமை. எலும்புச் சத்தம் எப்படி இருக்கும், விறகுச் சத்தம் எப்படி இருக்கும் என்பதை இரண்டையும் உடைத்துக் காட்டி நிபுணர்கள் விளக்கினார்கள். நான் ராமநாதபுரத்தில் செட்டுப்பல் கட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னேன். அதையும் குருநாதன் விடவில்லை. கழற்றிக் கிண்ணத்தில் போடுகிற பல்லை எப்படிப் பல் என்று ஒப்புக்கொள்வது, நாளைக்குப் பக்கத்து இலைக்காரர் வாங்கி மாட்டிக்கொண்டால் முதல் இலை யாருக்கு என்று கேட்டான். ஆழமான கேள்வி. குழு அதை வெகுநேரம் அலசியது. கடைசியில் இப்படித் தீர்மானம் நிறைவேறியது: 'கழற்றி மாட்டும் பல், பல் ஆகாது. மேற்படி ராமசுப்பிரமணியன் வரும் ஆடிக்குள் நிலையான பல் ஏற்பாடு செய்துகொள்ளத் தவறினால், முதல் இலை குருநாதன் வசம் ஒப்படைக்கப்படும்.'

அய்யா உட்கார்ந்த இடத்தில் குருநாதன் சம்மணம் போட்டு உட்காருவதை நினைத்தாலே சோறு இறங்கவில்லை. ஏற்கெனவே பல் இல்லாததால் இறங்காத சோறு அது.

இந்த இடத்தில் என் மனைவி நாகலெட்சுமியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 'அடக்கம்' என்ற சொல்லுக்கு அர்த்தம் கேட்டு வருகிறவர்களுக்கு நான் அவளைத்தான் காட்டுவது. பேசினால் முந்தானை வாயில் இருக்கும். சிரித்தால் கை வாயில் இருக்கும். முப்பது வருஷத்துக்கும் மேலாகிறது, என் எதிரில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டதில்லை. நான் சாப்பிட்டு எழுந்து, கை கழுவி, வெளியே போன பிறகு அடுப்படியில் அவள்பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொள்வாள். வருஷத்தில் சில நாள் கன்னத்தைச் சேர்த்துத் துணி கட்டிக்கொண்டு வேலை செய்வாள். பனிக்காற்று காதில் புகாமல் இருக்க என்று நினைக்கிறேன். கேட்டதில்லை. இப்படிப்பட்ட பெண்மணிகள் இருப்பதால்தான் மழை பெய்கிறது. எங்கள் ஜில்லாவில் பெய்யாததற்கு வேறு காரணம் இருக்க வேண்டும்.

அவளையும் கூட்டிக்கொண்டு ராமநாதபுரத்துக்குப் பல் டாக்டரிடம் போனேன். டாக்டர் ஹமீது சுல்தான், புதுமடத்துக்காரர். சென்னையில் படித்துவிட்டு வந்த இளைஞர். எக்ஸ்ரே எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எனக்குத் தெரியாத ஒரு விஷயத்தை என்னைப் பற்றிச் சொன்னார்.

"ஐயா, மேல்தாடைக்கு மேல, கன்னத்துக்குள்ள, ஒரு காலி ரூம் இருக்கு. காத்து மட்டும்தான் இருக்கும். சைனஸ்னு சொல்லுவோம்."

"எனக்கு மட்டுமா?"

"எல்லாருக்கும் இருக்கு. பல்லு விழுந்து ரொம்ப நாளாச்சுன்னா அந்த ரூம் கீழ எறங்கிரும். ஒங்களுக்கு நல்லா எறங்கிருச்சு. தாடையெலும்பு அப்பளம் கணக்கா இருக்கு. அதுல ஸ்க்ரூ போட்டுப் பல்லு நட்டா நிக்காது."

"அப்ப என்ன செய்யிறது?"

"ரூமோட தரையத் தூக்கணும். அவிச்ச முட்டையில ஓட்டுக்கு உள்ள ஒரு சவ்வு இருக்கும்ல, அந்த மாதிரி ஒரு சவ்வு. கிழியாமத் தூக்கி, அடியில எலும்புத் தூள் வச்சு அடைச்சிட்டா, ஆறு மாசத்துல கெட்டிப்பட்டிரும். பெறகு ஸ்க்ரூ, பெறகு பல்லு. மொதல்ல வலது பக்கம் செய்வோம். தள்ளிப்போடாமச் செஞ்சா ஆடிக்குள்ள ஒரு பக்கமாவது கடிக்கலாம்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் தலைக்குள் யாருக்கும் பட்டா இல்லாத ஒரு காலி இடம் இத்தனை காலமாகக் கிடந்திருக்கிறது. அதில் இப்போது தரையை உயர்த்திக் கட்டடம் எழுப்பப் போகிறார்கள். எங்கள் சீமையில் கன்னத்துக்குள் கட்டுமானப் பணி நடத்திய முதல் தலைவர் என்ற பெருமை எனக்கு வரப்போகிறது. ஊரில் இதைச் சொன்னபோது, அண்ணன் தலையில் காலி இடம் இருப்பது டாக்டர் சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்று குருநாதன் கேட்டானாம். பொறாமை.

நாகலெட்சுமி முந்தானையை வாயில் வைத்தபடியே ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எலும்புன்னு சொல்றீகளே தம்பி, யாரோட எலும்பு?"

"மாட்டெலும்பும்மா. சுவிட்சர்லாந்துலருந்து வருது. சுத்தம் பண்ணி, தூளாக்கி, சின்னச் சீசாவுல அடைச்சு விக்கிறாக. ஆட்சேபணை இருந்தாச் சொல்லுங்க. ஐயாவோட தாடையிலருந்தே கொஞ்சம் எடுத்து வைக்கலாம்."

நான் உடனே குறுக்கிட்டேன். வெளிநாட்டுச் சரக்கு கிடைக்கும்போது உள்ளூர் எலும்பை ஏன் தொட வேண்டும்? எங்கள் ஊர் மாட்டெலும்பு கண்மாய்க்கரையில் கேட்பாரற்றுக் கிடக்கிறது. அந்த ஊர் மாடு செத்த பிறகும் சீசாவில் ஏறி, கடல் தாண்டி வருகிறது. நாகரிகம் என்றால் அதுதான்.

டாக்டர் நாகலெட்சுமியைப் பார்த்தார். "அம்மாவுக்கும் ஒரு தடவ வாயப் பாத்திரவா?"

"அவளுக்கு ஒண்ணும் இல்ல டாக்டர். நல்லாருக்கா" என்றேன் நான். அவளைச் சிரமப்படுத்தக் கூடாது என்பதில் எப்போதும் கவனமாக இருப்பவன்.

புரட்டாசி பிறந்ததும் அறுவை சிகிச்சை நடந்தது. மரத்துப்போக ஊசி போட்டு, கன்னத்தெலும்பில் சின்னதாக ஒரு சன்னல் வைத்தார் டாக்டர். சன்னல் வழியாகச் சவ்வைத் தூக்கினார். சுவிட்சர்லாந்து மாட்டைக் கரண்டியில் அள்ளி உள்ளே குடியேற்றினார். தையல் போட்டார். முடிந்ததும் கட்டளைகளை வாசித்தார்.

"மூக்கச் சிந்தக் கூடாது. உறிஞ்சிக் குடிக்கக் கூடாது. சங்கு ஊதக் கூடாது. தண்ணியில முங்கக் கூடாது. தும்மல் வந்தா அடக்கவே கூடாது, வாய நல்லாத் தொறந்து தும்மிரணும். வாய மூடிக்கிட்டுத் தும்முனீங்கன்னா அந்த வேகத்துல சவ்வு கிழிஞ்சு, வச்ச எலும்பு மூக்கு வழியா வந்திரும்."

"ஊர்த் தலைவன் வாயப் பொளந்துக்கிட்டுத் தும்முறது நல்லாருக்குமா?"

"எலும்பு வெளிய வந்தா நல்லாருக்குமா?"

பதில் சொல்லத் தெரியாமல் இல்லை. வாய் மரத்திருந்தது.

கூழாகத்தான் சாப்பிட வேண்டும் என்று உத்தரவு. அதில் நாகலெட்சுமி காட்டிய கைப்பக்குவத்தை நான் மனம் திறந்து பாராட்டியே ஆக வேண்டும். சோற்றை எவ்வளவு குழைத்தால் ஈறில் உறுத்தாது, முருங்கைக்கீரையை எப்படிக் கடைந்தால் மெல்லாமல் இறங்கும், கருவாட்டைக்கூட எப்படி நூலாக உதிர்த்துக் கஞ்சியில் கரைப்பது, எல்லாம் அவளுக்கு அத்துபடியாக இருந்தது. ஒருநாள்கூடத் தடுமாறவில்லை. பல வருஷம் பழகியவள் மாதிரிச் செய்தாள். எங்கே கற்றாளோ. புருஷன் மேல் பக்தி இருந்தால் எல்லாம் தானாக வரும் என்று எடுத்துக்கொண்டேன்.

இதற்குள் குருநாதன் சும்மா இருக்கவில்லை. குழுவை மறுபடி கூட்டிவிட்டான்.

"ஒரு சந்தேகம்" என்று பணிவாக ஆரம்பித்தான். "செத்த வீட்டுல, எரிச்ச மறுநா காடாத்தி எடுத்த எலும்ப என்ன செய்வோம்? கலயத்துல கட்டி ஊருக்கு வெளிய மரத்துல தொங்கவிடுவோம். வீட்டுக்குள்ள கொண்டாரதில்ல. அது சேதுக் கடல்ல கரையிற வரைக்கும் தீட்டுதான். அந்த வீட்டு ஆளு கருப்பர் எல்லைய மிதிக்கிறதில்ல. சரியா?"

"சரிதான்" என்றார் சோணைமுத்து.

"அண்ணன் செத்த எலும்ப வீட்டுக்குள்ள இல்ல, தலைக்குள்ளயே வச்சிருக்காரு. அந்தத் தீட்டு எப்பக் கழியும்?"

நான் எழுந்தேன். கன்னம் வீங்கியிருந்ததால் சுருக்கமாகப் பேச வேண்டியதாயிற்று.

"அது மாட்டெலும்புப்பா."

"கோயில் மாடு செத்தா மொட்டை போடுறமா இல்லையா?"

"இது கோயில் மாடுன்னு யாரு சொன்னா?"

"இல்லேன்னு யாரு சொன்னா? சுவிட்சர்லாந்துல அது எந்தக் கோயில் மாடோ, என்ன மரியாதையில இருந்துச்சோ, நமக்குத் தெரியுமா?"

சுவிட்சர்லாந்தில் யாரையும் எனக்குப் பழக்கமில்லை. வெயில் சாயும்வரை விவாதித்தார்கள். சோணைமுத்து கடைசியில் திருநீற்றைக் கையில் எடுத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். எலும்பு யாருடையதாக இருந்தாலும் ராமேஸ்வரம் கடலைத் தொட வேண்டும். தொடாதவரை தீட்டு. தீட்டு இருக்கிறவரை, பல் முளைத்தாலும் முதல் இலை இல்லை. வருகிற மகாளய அமாவாசைக்குள் காரியத்தை முடிக்க வேண்டும். 'பார்வையாளராக'க் குருநாதன் கூடப் போவார்.

டாக்டருக்குப் போன் போட்டேன். "கடல்ல முங்கலாமா?"

"கூடவே கூடாது. வேணும்னாக் கரையில நின்னு காலு நனைங்க."

குழுவிடம் சொன்னேன். "எலும்பு காலுலயா இருக்கு?" என்று கேட்டுவிட்டார்கள்.

முங்கினால் பல் போகும், முங்காவிட்டால் இலை போகும். நாகலெட்சுமி சாதாரணமாக எதிலும் தலையிடாதவள், அன்றைக்கு மட்டும் "வேணாங்க, டாக்டர் அவ்வளவு சொன்னாருல்ல. எல போனாப் போகட்டும்" என்றாள். பெண்களுக்கு மரியாதையைப் பற்றி என்ன தெரியும் என்று அவளுக்கு விளக்கினேன். சாப்பாடு ஆறுகிறவரை விளக்கினேன்.

அமாவாசையன்று நான், நாகலெட்சுமி, பார்வையாளர் மூவரும் பஸ் ஏறினோம். உச்சிப்புளி, மண்டபம் தாண்டிப் பாம்பன் பாலத்தில் ஏறியதும் கடல் காற்று மூக்கில் அடித்தது. முந்தானையால் என் மூக்கைப் பொத்தினாள் நாகலெட்சுமி. ஒரு கை என் மூக்கில், ஒரு கை அவள் வாயில். அப்படியே பாலம் கடந்தோம். பஸ்ஸில் இருந்த வடநாட்டுக்காரர்கள் மடியில் பித்தளைச் சொம்பும் துணி முடிச்சுமாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருடைய எலும்பும் மடியில் இருந்தது. என்னுடையது மட்டும் கன்னத்தில்.

அக்னி தீர்த்தக் கரையில் நிற்க இடமில்லை. ஒரு சாஸ்திரிகளைப் பிடித்தோம். தர்ப்பையைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"காலமானவர் பேரு?"

"தெரியாதுங்க."

"கோத்திரம்?"

"சுவிட்சர்லாந்து" என்றான் குருநாதன்.

அவர் அசரவில்லை. அந்தக் கரையில் எத்தனையோ பார்த்தவர். "தெரியாதவாளுக்குக் காசியப கோத்திரம். ஆணா, பெண்ணா?"

பசுவா காளையா என்று நான் டாக்டரிடம் கேட்கவில்லை. சீசாவிலும் எழுதியிருக்கவில்லை. இரண்டுக்கும் பொதுவாகச் சொல்லிவிடச் சொன்னோம்.

"அஸ்தியை எடுங்கோ."

நான் வலது கன்னத்தைத் தொட்டுக் காட்டினேன். குருநாதன் விஷயத்தை விளக்கினான். சாஸ்திரிகள் என் கன்னத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, எந்தக் குழுவுக்கும் தோன்றாத ஒரு வழியைச் சொன்னார். "அப்போ கலசம் நீங்கதான். கலசத்தோட முக்கிட வேண்டியதுதான். மூணு முழுக்கு."

ராமநாதபுரம் சீமையிலேயே தன் காலால் நடந்துபோய்க் கரைந்த கலசம் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு முதல் முழுக்குப் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதும் போட்டேன். கருப்பர் காப்பாற்றுகிறார் என்று தைரியம் வந்தது. மூன்றாவது முழுக்கில் ஓர் அலை வந்து விரலைத் தட்டிவிட்டது. உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியது. எழுந்து நின்றேன். தும்மல் புறப்பட்டுவிட்டது.

வாயைத் திறக்க வேண்டும். டாக்டர் சொன்னது நன்றாக ஞாபகம் இருந்தது. திறக்கத்தான் போனேன். எதிரே குருநாதன் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆடியில் பார்த்தானே, அதே பார்வை. பொக்கைக் கடைவாயை இவனிடம் இன்னொரு முறை காட்டுவதா என்று தோன்றியது. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, குடும்ப கௌரவத்துக்கு எந்தக் குறையும் வராமல் தும்மினேன்.

கன்னத்துக்குள் 'பட்' என்றது. மூக்கிலிருந்து ரத்தமும், அதோடு ரவை மாதிரி வெள்ளை வெள்ளையாகத் துகள்களும் தண்ணீரில் விழுந்தன. பயந்துபோய்விட்டேன். அப்படியே கடலில் உட்கார்ந்தேன். நாகலெட்சுமி சேலையோடு இறங்கி ஓடிவந்து என் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

குருநாதன் குனிந்து தண்ணீரைக் கவனமாகப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து, "கரைஞ்சிருச்சு. நான் சாட்சி" என்றான். கன்னத்துக்குள் இருந்த எலும்பு கடலைத் தொடவே தொடாது என்றுதான் அவன் கணக்குப் போட்டிருக்க வேண்டும். முகம் கறுத்திருந்தது.

"திவ்யமா சேர்ந்தாச்சு" என்றார் சாஸ்திரிகள். ஆல்ப்ஸ் மலையில் பிறந்த அந்த ஜீவனுக்கு நல்ல கதி கிடைத்துவிட்டது.

ஈரத்துணியோடு நேரே ராமநாதபுரம் டாக்டரிடம் போனோம்.

"தும்முனீங்களா?"

"தும்முனேன்."

"வாயத் தொறந்தா?"

"இல்ல."

"ஏன்?"

"குருநாதன் பாத்துக்கிட்டிருந்தான்."

டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டார். சுத்தம் செய்து, மறுபடி தைத்து, மாத்திரை எழுதினார். சவ்வு கிழிந்துவிட்டது, புண் ஆறட்டும், வருகிற ஆடிக்குள் எதுவும் நடக்காது என்றார். நான் அவர் முன்னாலேயே கண் கலங்கிவிட்டேன். மருந்தின் காரம் என்று சொல்லி வைத்தேன்.

ஆடி வந்தது. தீட்டு இல்லை என்று சான்று இருந்தது. பல்தான் இல்லை. கிடா வெட்டி, அடுப்பில் கறி வெந்துகொண்டிருந்த நேரத்தில் சோணைமுத்து பழைய தீர்மானத்தைப் படித்தார். முதல் இலை குருநாதனுக்கு. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அய்யா முகம் கண்ணுக்குள் வந்து போனது. குருநாதன் துள்ளிக் குதிப்பான் என்று பார்த்தால், மணையில் உட்காராமல் துண்டைத் திருகிக்கொண்டு நின்றான்.

"என்னப்பா, உக்காரு."

"அண்ணனே உக்காரட்டும். எனக்கெதுக்கு."

"தீர்மானம் இருக்குல்ல. உக்காந்து கடி."

"நீ எடுத்துக்கிறதுக்குத்தானடா இவ்வளவு தூரம் என்னை முக்குன" என்றேன் நான்.

"எல எனக்குன்னு சொன்னாப் போதும்னு நெனச்சேன். எலும்பையும் சேத்துத் தருவீகன்னு தெரியாமப் போச்சு."

சோணைமுத்துவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "வாயத் தொறப்பா" என்றார். குருநாதன் திறந்தான். முன்னால் வேலி மட்டும் நின்றது, உள்ளே ஒன்றுமில்லை. மூன்றாம் இலைக்காரரைக் கூப்பிட்டார்கள். அவரும் அப்படியே. நாலாம் இலைக்காரரும். திறக்கச் சொன்ன சோணைமுத்துவின் வாயைப் பார்த்தால் அதுவும் காலி மண்டபம்தான். வெற்றிலையும் புகையிலையும் போட்டு வளர்ந்த ஊர். கருப்பர் சந்நிதியில், பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் வாயைப் பிளந்துகொண்டு வரிசையாக நின்றோம். ஒருவரையொருவர் பார்த்தபோது மனசுக்குள் ஒரு சகோதர பாவம் ஊறியது. என்ன இருந்தாலும் ஓர் ஊர்.

இலை போடும் முன்பே புதிய தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது: 'முதல் இலைக்காரர் எலும்பைக் கையில் எடுத்த உடனேயே, அதைக் கடித்து உடைத்ததாகக் கருதப்படும். சத்தத்தின் பொருட்டு வேலிக்கருவை விறகு ஒன்று ஒடிக்கப்படும்.' கருப்பர் மறுப்புத் தெரிவிக்கவில்லை. குருநாதன் சொன்னபடி நானே மணையில் உட்கார்ந்தேன். எலும்பை எடுத்தேன். விறகை ஒடித்தது குருநாதன். நல்ல சத்தம். காக்காய்கூடப் பறந்தது.

முதல் இலைக்காரர் தன் பங்கை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். நல்லியெலும்பையும் கறியையும் வாழை இலையில் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு, மனசு நிறைந்து வீட்டுக்கு வந்தேன். இத்தனை நாள் எனக்காகக் கூழ் காய்ச்சிய கைக்கு ஊர் சார்பில் ஏதாவது மரியாதை செய்ய வேண்டும் என்று எனக்கே தோன்றியது. என் தாராள குணம் அப்படி.

"இந்தா, முதல் இலைக் கறி. நீ சாப்பிடு. என் முன்னாலயே உக்காந்து சாப்பிடு. நானே சொல்றேன்."

பந்தியில் நடந்ததையும் சொன்னேன். எல்லாரும் வாயைத் திறந்து நின்றதைச் சொன்னேன், குருநாதன் விறகு ஒடித்ததைச் சொன்னேன். பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொத்திக்கொள்ளக் கை இல்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவள் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். உள்ளே மேலேயும் பல் இல்லை, கீழேயும் இல்லை. முன்னால் மட்டும் கொஞ்சம்.

"ஏய், பல்லெங்க?"

"அது போயி எந்தக் காலம்" என்றாள். இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. "பெரியவன் வயித்துல இருந்தப்ப ரெண்டு போச்சு. சின்னவளுக்கு மூணு. பெறகு அதுபாட்டுக்குப் போச்சு."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே. பல்லு வலி தாங்கலன்னு சொன்னேன். கிராம்பு வாங்கியாந்து குடுத்தீக."

அந்தக் கைப்பக்குவம், அந்தக் கன்னத்துத் துணி, என் முன்னால் சாப்பிடாத மரியாதை, எல்லாம் ஒவ்வொன்றாக வந்து என் எதிரே நின்றன. சுவிட்சர்லாந்து மாட்டுக்குக் கோத்திரம் விசாரித்து, கடல்வரை போய்த் திதி கொடுத்த மகான், சமாளித்துக்கொண்டு தொண்டையைக் கனைத்தேன்.

"ஒண்ணும் கவலைப்படாத. நாளைக்கே டாக்டர்கிட்டப் போவோம். கன்னத்தத் தொறந்து, எலும்பு வச்சு, ஒனக்கும் புதுப் பல்லு நட்டிருவோம்."

நாகலெட்சுமி எலும்பிலிருந்து கறியை நகத்தால் நூல் நூலாக உதிர்த்து, பாதியை என் பக்கம் தள்ளினாள்.

"எனக்கு எதுக்குங்க பல்லு? இந்த வீட்டுல வாயத் தொறக்கிற வேல எனக்கு வைக்கலயே."